கை சுத்தம் மட்டும் பார்த்து ஆள் வைக்காதீர்கள்

இந்தப் பனிக்காலத்திலும் அதேதான். சளி சிரப்பைக் குடித்துவிட்டு எழுப்பினாலும் கண் திறக்காத ஒன்றரை வயதுக் குழந்தை. அம்மா டாக்டர், அப்பாவும் டாக்டர். எத்தனை மில்லி கொடுத்தீர்கள் என்று கேட்டால் பிள்ளை பார்க்கிற அக்கா பெற்றோரின் முகத்தைப் பார்க்கிறார், வாய் திறப்பதில்லை. சிகிச்சைக்குத் தேவையான ஒரே தகவல் அவரிடம்தான் இருக்கிறது, அதைச் சொல்ல அவருக்குப் பயம். இப்படி வரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எங்கே வேலை கிடைத்தாலும் டாக்டர் தம்பதிகள் குழந்தையோடு மேலே வந்துவிடுகிறார்கள். தாத்தா பாட்டி கீழே சேலத்திலோ மதுரையிலோ. வந்த வாரமே எல்லாரும் கேட்பது, "நம்பிக்கையான ஆள் யாராவது இருக்காங்களா?"

அந்த நம்பிக்கையை இவர்கள் சோதிக்கும் விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மேசைமேல் ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்துவிட்டுப் போவது, பீரோ சாவியைத் தெரிகிற இடத்தில் விடுவது, நோட்டு அப்படியே இருந்தால் "தங்கமான பொண்ணு" என்று முடிவு கட்டுவது. அந்த நோட்டு அவர் திருடமாட்டார் என்பதை மட்டும்தான் சொல்லும். பீரோவைக் காப்பதற்கு ஆள் தேடினால் அது போதும். நீங்கள் ஒப்படைப்பது பேசத் தெரியாத குழந்தையை. இங்கே குழந்தைகளுக்கு வருகிற ஆபத்தில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. குளிருகிறதே என்ற பாசத்தில் கரிச்சட்டியைக் கொண்டுவந்து வைப்பார், தூங்கட்டுமே என்று சிரப் ஊற்றுவார், பால் கெட்டியாக இருந்தால் உடம்பு தேறும் என்று ஒரு ஸ்பூன் பவுடர் கூடப் போடுவார். மூன்றையும் செய்கிறவர் கை சுத்தமானவராகவே இருப்பார். போலீஸ் சரிபார்ப்பிலும் ஒரு குறையும் வராது.

தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வீட்டு வேலையாள் பற்றிய சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அவசியம் செய்யுங்கள், அவருக்குத் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். ஆனால் அது வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். குழந்தை கட்டிலிலிருந்து விழுந்ததை அன்று மாலையே உங்களிடம் சொல்வாரா, மூன்று நாள் கழித்து வீக்கத்தைப் பார்த்து நீங்கள் கேட்கும்போது சொல்வாரா என்பதை எந்தச் சான்றிதழும் காட்டாது. நான் பார்க்கச் சொல்வது இந்த ஒன்றைத்தான்: நடந்ததை நடந்தபடி அன்றைக்கே சொல்கிறவரா?

அதைத் தெரிந்துகொள்ளக் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "பிள்ளை பாத்துப் பழக்கமா?" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "பிள்ளை கட்டில்லேர்ந்து விழுந்து, ரெண்டு நிமிஷம் அழுதுட்டு மறுபடி விளையாடுது. நீங்க என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். "உடனே உங்களுக்குப் போன் போடுவேன் மேடம்" என்றால் நல்லது. "அழுகை நின்னா ஒண்ணும் இல்லீங்க" என்றாலும் ஒதுக்கிவிடாதீர்கள், அது சொல்லிக்கொடுத்தால் மாறக்கூடியது. "என் கையில எந்தப் பிள்ளையும் விழுந்ததே இல்ல" என்று சாதிப்பவரிடம்தான் யோசிக்க வேண்டும். முன்பு வேலை செய்த வீட்டுக்கும் பேசுங்கள். நல்லவரா என்று கேட்டால் நல்லவர் என்றுதான் பதில் வரும். எத்தனை மாதம் இருந்தார், ஏன் நின்றார், ஏதாவது தவறு நடந்தபோது அது உங்களுக்கு யார் மூலம் தெரிந்தது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுக்கு வேண்டியது.

ஆள் எங்கே கிடைப்பார்? தேயிலைத் தோட்டப் பிள்ளைக் காப்பகங்களில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர்களை முதலில் விசாரியுங்கள். ஒரே நேரத்தில் பல குழந்தைகளைப் பார்த்த கை, குளிரும் பழகிய உடம்பு. கோவை ஏஜென்சி வழியாக வருகிறவர்களில் பலர் முதல் பனியிலேயே இறங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெயில் படாத பின்னறை, ஒரே கம்பளி, பச்சைத் தண்ணீர் என்றால் யார் தங்குவார்? ஸ்வெட்டர், காலுறை, வெந்நீர், காய்ந்த படுக்கை இவையெல்லாம் சம்பளத்துக்கு மேல் நீங்கள் செய்துதர வேண்டியவை. பள்ளியை விட்ட சிறுமியைக் கூட்டிவந்து வைப்பதை மட்டும் நினைத்தும் பார்க்காதீர்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதல் தடைசெய்யப்பட்டது. சட்டம் கிடக்கட்டும், பதினாறு வயதுப் பெண்ணிடம் கைக்குழந்தையை நாள் முழுக்க விடுவது இருவருக்கும் அநியாயம்.

டாக்டர்களிடம் தனியாக ஒன்று. வேலைக்கு வந்த பெண்ணுக்கு உங்கள் ஆஸ்பத்திரி லேபிலேயே ரத்தம் எடுத்து, அவருக்குத் தெரியாமல் எச்.ஐ.வி. வரை பார்க்கிறீர்கள். சம்மதமில்லாமல் அந்தப் பரிசோதனை செய்வதும், வேலைக்கு நிபந்தனையாக அதைக் கேட்பதும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. குழந்தையைத் தூக்கி வளர்ப்பதால் அது பரவாது என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்களே நாம்தானே? கேட்க வேண்டியது காசநோயைப் பற்றி: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு இருந்தால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். ஃப்ளூ தடுப்பூசியை உங்கள் செலவில் போட்டுவிடுங்கள். முடிவுகளை அவரிடமே கொடுங்கள்.

இனி வீட்டுக்குள். டாக்டர் வீட்டு ஃப்ரிட்ஜும் அலமாரியும் மருந்துக்கடைபோல இருக்கும். சாம்பிள் சிரப், பாதி தீர்ந்த டிராப்ஸ், இன்சுலின், ஊசி எல்லாம் ஒரே தட்டில். பாராசிட்டமால் ஒன்றே மூன்று பலத்தில் வருகிறது: டிராப்ஸில் 1 மில்லியில் 100 மி.கி., சிரப்பில் 5 மில்லியில் 125 மி.கி., இன்னொரு சிரப்பில் 5 மில்லியில் 250 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. என்றால் டிராப்ஸில் 1.5 மில்லி, இரண்டாவதில் 6 மில்லி, மூன்றாவதில் 3 மில்லி. நீங்கள் வார்டிலிருந்து போனில் "ஆறு மில்லி குடுத்துருங்கக்கா" என்கிறீர்கள். அவர் கையில் டிராப்ஸ் பாட்டில் இருந்தால் நான்கு மடங்கு போகிறது. காய்ச்சல் இறங்கவில்லை என்று அதையே இன்னும் இரண்டு வேளை கொடுத்தால் கல்லீரல் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒரே பலத்தில் ஒரே பாட்டில் இருக்கட்டும். அளவுச் சிரிஞ்சில் சரியான கோட்டுக்கு நேரே டேப் ஒட்டுங்கள். கொடுத்த நேரத்தைக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் பூட்டின அலமாரிக்குள்.

சளி, இருமல் சிரப் வேண்டவே வேண்டாம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகமே 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. வாங்கி வைத்தது நீங்கள். குடித்ததும் பிள்ளை தூங்குகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டவர், தூங்காத மதியத்தில் அதைத்தான் எடுப்பார்.

கரிச்சட்டி. மூடிய அறைக்குள் கரி நெருப்பு கூடாது, ஐந்து நிமிடமும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணமில்லை, புகையும் தெரியாது, குழந்தை வேகமாக மூச்சு விடுவதால் முதலில் அதைத்தான் பாதிக்கும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் அப்போதும் 98 என்று காட்டும், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்து. வெளியே மாட்டுங்கள். முடியாவிட்டால் வாளியை நிரப்பி, கீசரை அணைத்து, கதவைத் திறந்து காற்றோட விட்டபிறகு குழந்தையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர், முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் குளியல். ஹீட்டர் ராடு போட்ட வாளி இருக்கிற அறையில் குழந்தை இருக்கவே கூடாது. சுட்டுவிட்டால் பேஸ்ட்டும் மையும் வேண்டாம், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். நம் ஊர்த் தண்ணீர் ஐஸாக இருக்கும் என்பதால் சுட்ட இடத்தை மட்டும் நனைத்து மற்ற உடம்பைப் போர்த்திவையுங்கள்.

பால் பவுடருக்குத் தண்ணீர் முதலில், பவுடர் பிறகு. பெரும்பாலான டின்களில் 30 மில்லிக்குத் தலைதட்டிய ஒரு ஸ்கூப், ஆனாலும் உங்கள் டின்னில் எழுதியிருப்பதைக் காட்டிக்கொடுங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 2,000 மீட்டருக்கு மேல் கொதி வந்தபின் 3 நிமிடம் விட வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர், முழுதாக. டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குவது ஆபத்து. நம் ஊர்க் காரட்டைத் துண்டாக நறுக்கிக் கடிக்கக் கொடுப்பதும், நிலக்கடலை, முழுத் திராட்சை கொடுப்பதும் 4 வயது வரை வேண்டாம். காரட்டைத் துருவியோ வேகவைத்து மசித்தோ கொடுக்கலாம். தொண்டையில் அடைத்தால் செய்ய வேண்டியதை நீங்களே பொம்மையை வைத்துச் செய்துகாட்டி, அவரையும் செய்யவிட்டுப் பாருங்கள்: ஒரு வயதுக்குள் என்றால் தலை கீழாகச் சாய்த்து முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்சில் 5 அழுத்து. கண்ணுக்குத் தெரியாத பொருளுக்காக வாய்க்குள் விரலை விடக் கூடாது.

சமையல், துணி, பாத்திரம் எல்லாவற்றையும் அதே அக்கா தலையில் கட்டுகிறீர்களே, அவர் தரை துடைக்கும் அரைமணி நேரம் குழந்தையை யார் பார்ப்பது? தவழும் பிள்ளை மூழ்க வாளியில் ஒரு சாண் தண்ணீர் போதும். மற்ற வேலைக்கு வேறு ஆள் வையுங்கள், அல்லது குழந்தை உங்கள் கையில் இருக்கும்போது அவரைச் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், போன். ஆபரேஷன் தியேட்டருக்குள் உங்கள் போன் சைலண்டில் கிடக்கும். ஆறு முறை அடித்தும் எடுக்காத வீட்டில் ஏழாவது முறை அடிக்க மாட்டார்கள். உங்கள் வார்டின் லேண்ட்லைன், தியேட்டர் சிஸ்டரின் எண், உங்கள் இருவரின் வாரத்து டியூட்டி நேரம், பக்கத்து வீட்டு எண் எல்லாம் சமையலறைக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்க வேண்டும். 108-ஐ அழைக்க யார் அனுமதியும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டாக்டர் வீட்டிலிருந்து ஆம்புலன்ஸ் கூப்பிடுவதா என்று தயங்குவார். நைட் டியூட்டி முடிந்து உள்ளறையில் தூங்குகிற அப்பாவைப் பெரியவர் வீட்டில் இருக்கிறார் என்ற கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் உங்கள் கேஸ் இழுத்துக்கொண்டே போகும், அக்காவின் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும். அந்தப் பதற்றத்தில்தான் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புவது நடக்கிறது. வேலைக்குச் சேரும் நாளிலேயே பேசுங்கள்: கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் நீங்கள் வராவிட்டால் யார் வருவார், தங்கினால் கூடுதல் சம்பளம் எவ்வளவு, போக ஜீப் வாடகை யார் தருவது. மாலை ஐந்தரைக்கு மேல் குழந்தையை வெளியே நடத்திக் கூட்டிப்போக வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கரடியும் காட்டுமாடும் தேயிலைக்குள்ளிருந்து ரோட்டுக்கு வருகிற நேரம் அது.

முதல் வாரம் இருவரில் ஒருவர் விடுப்பு எடுங்கள். இரண்டு நாள் நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும், மூன்று நாள் அவர் செய்ய நீங்கள் பேசாமல் பாருங்கள், பிறகு ஒரு மணி நேரம், அரை நாள் என்று வெளியே போங்கள். கேமரா வைப்பதானால் கூடத்தில், அவருக்குச் சொல்லிவிட்டு. அவர் தூங்கும், உடை மாற்றும் இடத்தில் கூடாது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் வார்டில் டியூட்டி மாற்றும்போது கேட்பதுபோல மூன்றே கேள்வி: என்ன சாப்பிட்டது, எவ்வளவு தூங்கியது, விழுந்ததோ அழுததோ ஏதாவது உண்டா. மூன்றாவதற்கு "ஆமா மேடம், படியில இடிச்சுக்கிச்சு" என்று பதில் வரும் நாளில் உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை அவர் கவனிப்பார். தயவுசெய்து அந்த நாளில் கத்தாதீர்கள். "சொன்னது நல்லதுக்கா, எங்க இடிச்சுது காட்டுங்க" என்று சொல்லுங்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை சொல்ல மாட்டார், சிரப் பாட்டிலைப் பற்றியும் சொல்ல மாட்டார்.

சம்பளத்தைத் தேதி தவறாமல் வங்கிக் கணக்கில் போடுங்கள். வாரம் ஒரு நாள் விடுமுறை, ஹெத்தையம்மன் பண்டிகைக்கோ பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ முன்கூட்டியே சொன்ன விடுப்பு, வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு, இவற்றை முடித்துக்கொடுங்கள். அவர் வராத நாளுக்கு இரண்டாவது ஆளைக் குழந்தைக்கு முன்பே பழக்கி வையுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், இது ஆஸ்பத்திரி நிர்வாகங்களிடம். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் மகப்பேறுச் சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் குழந்தைக்குக் காப்பகம் இருக்கிறது, உங்கள் ஆஸ்பத்திரி டாக்டரின், நர்ஸின், ஆயாவின் குழந்தைக்கு இருக்கிறதா? இல்லையென்றால் பெண் ஊழியர்கள் எல்லாருமாகக் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கு மனுக் கொடுங்கள். டாக்டர்கள் முதல் கையெழுத்துப் போடுங்கள்.