சொத்து வரி நோட்டீஸ் வருவதற்கு முன்பே ஒரு காகிதம் வருகிறது

2022-ல் சொத்து வரி உயர்ந்த சமயம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நோட்டீஸும் கையுமாக என் அலுவலகத்துக்கு வந்தார். "சார், பக்கத்து வீட்டுக்கு 50 சதவீதம்தான் ஏறியிருக்கு. எனக்கு மட்டும் 75. ரெண்டு வீடும் ஒரே மேஸ்திரி கட்டினது. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

நான் பதிவு பெற்ற கட்டடப் பொறியாளர். பிளான் போடுவது, அனுமதி வாங்கித் தருவது என் தொழில். வரிக் கணக்கு பார்ப்பது தொழிலில் சேராது, ஆனாலும் அந்த ஆண்டு பாதி நாள் அதற்கே போனது.

நோட்டீஸில் அவர் வீட்டின் பரப்பு 1,212 சதுர அடி. சிக்கல் அங்கேதான். சென்னையின் பழைய பகுதிகள் தவிர மற்ற ஊர்களில் குடியிருப்புகளுக்கு உயர்வு இப்படி இருந்தது: 600 சதுர அடி வரை 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதற்கு மேல் 100%. பன்னிரண்டு சதுர அடி அவரை அடுத்த படிக்குத் தள்ளிவிட்டது. பழைய அரையாண்டு வரி 1,480 ரூபாய். 50% என்றால் 2,220, 75% என்றால் 2,590.

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு அளந்து கூட்டினால் 1,168 தான் வந்தது. மீதி 44 எங்கே? கொல்லைப்புறத்தில் மோட்டாருக்காக எப்போதோ போட்டிருந்த சிமென்ட் ஷீட் கொட்டகை. பிரித்துப் போட்டு எட்டு வருஷம் ஆகிறது. பதிவேட்டில் மட்டும் அது இன்னும் நின்றுகொண்டிருந்தது. அளவு வரைபடம், புகைப்படம், பழைய ரசீது மூன்றையும் இணைத்து ஆணையர் பெயருக்கு மனு கொடுத்தோம். இரண்டு முறை அலைந்த பிறகு பில் கலெக்டர் வந்து அளந்தார். திருத்தினார்கள்.

ஆனால் இந்த மனுவை இன்னும் முன்னாலேயே கொடுத்திருக்கலாம். வரி உயர்வுக்கான அரசாணை வந்ததும் ஒவ்வொரு ஊரிலும் கவுன்சிலர்கள் அடங்கிய உள்ளாட்சி மன்றம் கூடி உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. பிறகு நாளிதழில் அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணை சொல்ல 30 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் இறுதித் தீர்மானம். அந்த 30 நாளில் என் அலுவலகத்துக்கு ஒருவர்கூட வரவில்லை. நோட்டீஸ் வந்த வாரம் உட்கார நாற்காலி இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். சதவீதத்தை முடிவு செய்தது கவுன்சிலர்கள் அல்ல. மத்திய நிதியை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பங்கிடப் பரிந்துரைக்கும் 15-வது நிதி ஆணையம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான மானியத்தைச் சொத்து வரிச் சீரமைப்போடு முடிச்சுப் போட்டுவிட்டது. அதனால் மன்றத்துக்கு மறுக்க இடம் குறைவு. 'உயர்வே வேண்டாம்' என்று எழுதிய மனுக்கள் கோப்பில் உறங்கின. பரப்பளவு தவறு, குடியிருப்பை வணிகம் என்று போட்டது, வட்டாரம் மாறிப் பதிவானது என்று குறிப்பாக எழுதிய மனுவுக்குத்தான் உயிர் இருந்தது. அந்தத் தவறு ஒரு தடவையோடு நிற்பதில்லை என்பதும் முக்கியம். 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் 6% உயர்வுக்குத் தீர்மானம் போட்டதே, அதுபோல ஒவ்வொரு உயர்வும் ஏற்கெனவே இருக்கும் தொகையின் மேல்தான் ஏறும். தப்பான அடிப்படைக்கும் சேர்த்தே ஏறும்.

கட்டணங்கள் வேறு கதை. குடிநீர் இணைப்புக்கு வைப்புத்தொகை எவ்வளவு, பாதாளச் சாக்கடைக்கு எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு என்பதில் மன்றத்துக்குக் கொஞ்சம் அதிகாரம் கூட. அவை மன்றக் கூட்டத்தின் பட்டியலில் ஒரு பொருளாக வரும். நிர்வாக மொழியில் அரைப் பக்கம் ஓடி, 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது' என்று முடியும். எழுபது எண்பது பொருள்களுக்கு நடுவே அது இருபத்து மூன்றாவதாகக் கிடக்கும். மைக்கைப் பிடித்து யாராவது கேட்காவிட்டால் 'அனுமதிக்கப்பட்டது' என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள். 'பதிவுக்கு' என்று ஒரு வகையும் உண்டு. அவசரம் என்று மன்றம் கூடும் முன்பே அனுமதி வாங்கிச் செலவழித்துவிட்ட வேலைகள் அதில் வரும். உங்கள் தெருக் கால்வாய் ஏன் பாதியில் நிற்கிறது என்று தேட நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

"தண்ணிக்குக் கட்டுறேன், ரோடு போட மாட்டேங்கிறாங்க" என்று கோபப்படுகிறவர்களுக்கு: உள்ளாட்சிக் கணக்கு ஒரே உண்டியல் இல்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று மூன்று. குடிநீர்க் கட்டணம் இரண்டாவதில் விழும். தெருவிளக்கையும் ரோட்டையும் முதலாவதில் தேட வேண்டும். எந்த நிதி என்று தெரிந்து கேட்டால் கவுன்சிலரும் மழுப்ப முடியாது.

வீடு கட்ட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது காலியிட வரி ரசீது. "காலி மனைக்கு எதுக்கு சார் வரி?" என்பார்கள். பல அரையாண்டு பாக்கியைச் சேர்த்துப் பார்த்ததும் முகம் மாறும், ஜன்னல் வைக்க ஒதுக்கிய பணம் போகும். 2024 ஜூலையில் 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு, விதிப்படி கட்டுகிறேன் என்று உரிமையாளரே சான்று தரும் சுயசான்று முறை வந்து அனுமதி சுலபமானது. பழைய பாக்கி அதனால் ஓடிவிடாது. சொத்து வரியில் இன்னொரு சின்ன விஷயம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாதம் முடிவதற்குள் அந்த அரையாண்டுத் தொகையைக் கட்டினால் 5% ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

மன்றக் கூட்டத்தில் நமக்குப் பேச இடமில்லை. வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையில் உண்டு. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் ஊரெங்கும் அதைக் கூட்டினார்கள். எங்கள் தெருக் கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தோம், அதில் நான்கு பேர் அலுவலர்கள். டீச்சர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, எங்கள் தெருவில் பரப்பளவு தப்பாகப் பதிவான ஆறு வீடுகளின் வரி விதிப்பு எண்களை வரிசையாக வாசித்தார். ஆறையும் அளந்தது அவரும் பேரனும். டேப் என்னுடையது, இன்னும் திரும்பி வரவில்லை.