நிலைகுலைவு: மூடும்போது விழும் ஒலி மென்பொருளும் ‘கிராஷ்’ என்ற சொல்லும்

“அண்ணா, சாஃப்ட்வேரை மூடினா ஹேங் ஆயிடுதுண்ணா” என்று ஒரு தம்பி போனில் சொன்னார். கணினியில் ஒலியை உருவாக்கும் மென்பொருள் ஒன்றில் அவர் தம்புரா சுருதி செய்துகொண்டிருந்தார். பஞ்சமம், இரண்டு சாரணை, மந்தர ஷட்ஜம் என்று நான்கு தந்திகளையும் தனித்தனியாக உருவாக்கி, அந்த ரீங்காரம் வரும்வரை ஒவ்வொரு அளவையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து இரண்டு மணி நேரம் உழைத்திருந்தார்.

“ஹேங்னா எப்படி? விண்டோ அப்படியே நிக்குதா?”

“இல்லண்ணா, விண்டோ போயிடுது. டெர்மினல்ல செக்மென்டேஷன் ஃபால்ட்னு ஒரு வரி வருது. திரும்பத் திறந்தா கடைசியா வச்ச செட்டிங் எதுவும் இல்ல.”

அது ஹேங் இல்லை, கிராஷ். தனக்கு உரிமையில்லாத நினைவகத்தை நிரல் தொட்டுவிட்டது என்பதைத்தான் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற வரி சொல்கிறது. இரண்டும் வேறு நோய்கள், மருந்தும் வேறு. ஹேங் என்றால் நிரல் உயிரோடு இருக்கிறது, எதற்காகவோ காத்து நிற்கிறது. கிராஷ் என்றால் நிரல் தன் வேலையை முடிக்காமலே விழுந்துவிட்டது. இந்த வேறுபாடு பேச்சில் தொலைவதற்கு ஒரு காரணம், இரண்டுக்கும் நாம் ‘செயலிழப்பு’ என்றே எழுதிப் பழகியதுதான். அந்தச் சொல் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

முதலில் ‘கிராஷ்’ எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆங்கிலத்தில் வழங்கும் சொல் இது. பொருள்கள் உடைந்து நொறுங்கும் ஓசையைக் காதால் கேட்டு அப்படியே சொல்லாக்கியது என்பதுதான் சொற்பிறப்பு அறிஞர்களின் கருத்து. நம்முடைய சடசட, மடமட, படார், டமார் போல அதுவும் ஓர் ஒலிக்குறிப்பு. ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் இவை பெரும்பாலும் ‘என’ என்ற சொல்லைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இன்னொரு வினைக்கு அடைமொழியாகவே நிற்கும். கிளை சடசடவென முறிந்தது என்போம். கிளை சடசடத்தது என்று சொன்னாலும் முறிந்த செய்தி அதில் முழுமையாக வராது. ஆங்கிலத்தில் அந்த ஓசையே பெயராகவும் வினையாகவும் ஆகிவிட்டது. அதனால் அது எங்கு வேண்டுமானாலும் போய் உட்கார முடிந்தது. வண்டி மோதினால் கிராஷ், விமானம் விழுந்தால் கிராஷ், பங்குச் சந்தை சரிந்தால் கிராஷ். நமக்கு இவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது: மோதல், விபத்து, நொறுங்கல், சரிவு. ஒரே சொல்லில் அத்தனையையும் அடக்க வேண்டும் என்ற கட்டாயம் தமிழுக்கு இல்லை. ஆகவே கணினிக்கு மட்டும் உரிய சொல் எது என்று கேட்டால் போதும்.

கணினியில் இந்தச் சொல் 1970களில் பரவலானது. வன்வட்டில் (ஹார்டு டிஸ்க்) எழுதும் முனை, சுழலும் தகட்டின் மேல் உரசிவிட்டால் அதையும் கிராஷ் என்றார்கள். அங்கே உண்மையாகவே ஓசை கேட்கும். நிரல் விழும்போது ஓசை எதுவும் இல்லை. ஒலி மென்பொருள் என்றால் இருந்த ஓசையும் நின்றுபோகும்.

இனி தமிழுக்கு வருவோம். ‘முறிவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். எலும்பு முறிவு, பேச்சுவார்த்தை முறிவு என்ற வழக்கைப் பார்த்தால், இடையில் ஒடிந்துபோனது என்ற பொருள் நன்றாகவே வருகிறது. ‘தகர்வு’ கொஞ்சம் அதிகம்; கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்த காட்சிதான் மனத்தில் எழும். ‘செயலிழப்பு’ பத்திரிகைகளில் சிறுநீரகத்தோடு வரும் சொல். உறுப்பு மெல்ல மெல்லத் தன் வேலையைக் கைவிடுவதைச் சொல்ல மிகப் பொருத்தமானது. ஆனால் தம்பியின் சிக்கலை நினைத்துப் பாருங்கள். அவர் மூடும் பொத்தானை அழுத்திவிட்டார். செயலை நிறுத்து என்று அவரே சொல்லியாயிற்று. இனி இழக்க அந்த நிரலுக்கு என்ன செயல் இருக்கிறது? வெளியேறும்போது நடக்கும் கோளாறைச் ‘செயலிழப்பு’ தொடவே இல்லை.

எனக்குச் சரியாகப் படுவது ‘நிலைகுலைவு’. இது நான் புதிதாக ஆக்கியதில்லை, முன்பே பலர் பயன்படுத்துவதுதான். செய்தி கேட்டு நிலைகுலைந்து போனான், படை நிலைகுலைந்து ஓடியது என்று நாம் நாள்தோறும் படிக்கிற, சொல்கிற சொல். ‘குலை’ என்ற வினையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கட்டி வைத்தது, அடுக்கி வைத்தது, வரிசையில் நிற்பது தன் கட்டை விட்டுக் கலைந்துபோவதுதான் குலைதல். முடிந்த கூந்தல் குலையும். கட்டுக்குலையாத உடம்பு என்கிறோம். படை நிலைகுலைந்தது என்றால் எல்லா வீரர்களும் செத்துப்போனார்கள் என்று பொருளில்லை. யார் எங்கே நிற்க வேண்டும் என்ற ஒழுங்கு போய்விட்டது என்று பொருள். மூடும்போது ஒலி மென்பொருளுக்குள் நடப்பது அச்சு அசலாக இதுதான்.

அதைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘எக்ஸிட்’ லத்தீன் வினைமுற்று. ‘அவன் வெளியே போகிறான்’ என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கில நாடக ஏடுகளில் ஒரு பாத்திரம் மேடையை விட்டுப் போகும் இடத்தில் இதை எழுதுவார்கள். பல பாத்திரங்கள் ஒன்றாகப் போனால் பன்மையில் ‘எக்ஸியன்ட்’ என்று எழுதுவார்கள், ‘அவர்கள் வெளியே போகிறார்கள்’ என்று. கணினிக்கு வந்து சேர்ந்தது ஒருமை மட்டும்தான். ஒலி மென்பொருளோ பன்மையில் வெளியேற வேண்டியது.

எப்படி என்கிறீர்களா? அந்த மென்பொருளில் குறைந்தது இரண்டு இழைகள் (த்ரெட்), அதாவது ஒரே நிரலுக்குள் தனித்தனியாக நடக்கும் வேலைகள், ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று தலைமை இழை. சாளரத்தையும் பொத்தான்களையும் கவனிக்கிறது. இன்னொன்று ஒலி இழை. ஒலி அட்டை கேட்கும்போதெல்லாம் அடுத்த துண்டு ஒலியைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒரு கணத்து ஒலியின் அளவைச் சொல்லும் எண்தான் மாதிரி), ஒரு துண்டுக்கு 256 மாதிரிகள் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 5.3 மில்லி நொடிக்கு ஒருமுறை அழைப்பு வரும். நொடிக்கு 187 முறைக்கு மேல். நாம் மூடும் பொத்தானை அழுத்தியதும் தலைமை இழை நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறது. தந்திகளின் ஒலி அலைகள், எதிரொலிக்கான நீண்ட பஃபர் (ஒலியைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவிடம்), எல்லாவற்றையும். ஒலி இழைக்கு யாரும் சொல்லவில்லை. அது தன் முறை வந்ததும் வழக்கம்போலப் பஃபரில் கை வைக்கிறது. அந்த இடம் இப்போது அதற்குச் சொந்தமில்லை.

மங்களம் பாடுவதற்கு முன்பே பந்தலைப் பிரிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? பாடகர் இன்னும் மேடையில் இருக்கிறார், கீழே கயிற்றை அவிழ்க்கிறார்கள். சில நேரம் அவர் பாடி முடித்து இறங்கும்வரை மேடை நிற்கும், சில நேரம் நிற்காது. நினைவகமும் அப்படித்தான். திருப்பிக் கொடுத்த உடனே அதில் இருந்தது அழிந்துவிடுவதில்லை. பழைய எண்கள் அப்படியே கிடக்கும்வரை ஒலி இழை ஒன்றும் அறியாமல் தன் வேலையை முடித்துவிடும். அதனால்தான் இந்த வழு (பக்) ஒருநாள் தலைகாட்டும், மறுநாள் ஒளிந்துகொள்ளும்.

கணினி ஒலித்தொகுப்பு தொடங்கிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1957இல் பெல் ஆய்வகத்தின் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய மியூசிக் நிரல், ஐபிஎம் 704 கணினியில் ஓடி, ஒலியின் எண்களைக் காந்த நாடாவில் எழுதியது. நாடாவைப் பிறகு வேறொரு கருவியில் போட்டுக் கேட்டார்கள். முதலில் வந்த இசைத் துண்டின் நீளம் 17 நொடி. கணக்கிடும் வேலை தனி, ஒலிக்கும் வேலை தனி. கணக்கு முடிந்தால் நிரல் முடிந்தது, இடையில் அவசரப்படுத்த யாரும் இல்லை. அந்த வழியில் வந்த சிசவுண்ட் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேரி வெர்கோ 1980களின் நடுவில் உருவாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் கணினிகள் வேகம் பெற்று, கணக்கிடும்போதே கேட்கலாம் என்ற நிலை வந்தது. நிகழ்நேரம் என்ற அந்தப் பெரிய வரத்தோடு, வெளியேறும் வரிசை என்ற சிக்கலும் கூடவே வந்தது. சூப்பர்கொலைடர் என்ற இன்னொரு ஒலித்தொகுப்பு மென்பொருள் 2002இல் தன் மூன்றாம் பதிப்பில் ஒலி எழுப்பும் பகுதியையும் மொழிப் பகுதியையும் இரண்டு தனி நிரல்களாகப் பிரித்தது. ஒன்று விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழாது என்பது அதில் கிடைத்த பெரிய நன்மை.

இந்த இடத்தில் தமிழின் ஒரு வசதி எனக்கு மிகவும் பிடிக்கும். ‘வெளியேறு’ என்ற வினை, குடியேறு, கரையேறு, அரங்கேறு என்று ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் முற்றில் ஒருமையா பன்மையா என்பது தெரிந்துவிடும்: நிரல் வெளியேறியது, இழைகள் வெளியேறின. ‘எல்லா இழைகளும் வெளியேறினவா?’ என்று தமிழில் கேட்கும்போதே பாதிக் கேள்வி சரியாகிவிடுகிறது. திறக்கும்போது செய்ததைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் ஒலியை நிறுத்தச் சொல்லி, ஒலி இழை உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று காத்திருக்க வேண்டும். பிறகு ஒலி அட்டையை விட வேண்டும். அப்புறம் செருகுநிரல்களை (பிளகின்) இறக்கி, கடைசியில் நினைவகத்தைத் திருப்பித் தர வேண்டும். ஒலி அட்டையோடு பேச நிரல்களுக்கு உதவும் போர்ட்ஆடியோ நூலகத்தில் நிறுத்துவதற்கே இரண்டு வழிகள் உண்டு. ‘ஸ்டாப்’ வரிசையில் இருக்கும் ஒலி முழுவதும் ஒலித்து முடியக் காத்திருக்கும், ‘அபார்ட்’ காத்திருக்காமல் உடனே வெட்டும். இரண்டில் எதை அழைத்தாலும், அது முடியும்வரை நினைவகத்தில் கை வைக்கக் கூடாது.

‘குலை’யோடு சேர்ந்த இன்னொரு சொல்லும் இங்கே கைகொடுக்கிறது: சீர்குலைவு. சட்டம் ஒழுங்கு சீர்குலைவு என்று செய்தித்தாளில் வருமே, அதே சொல். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பஃபரின் எல்லை தாண்டி ஓர் எண் எழுதப்பட்டுவிட்டால், நினைவகத்தின் கணக்கேடு சீர்குலைகிறது. அப்போது ஒன்றும் ஆகாது, பாட்டும் நன்றாகவே கேட்கும். மூடும்போதுதான் ஒவ்வொரு துண்டாகத் திருப்பிக் கொடுத்துக் கணக்கு முடிக்கிறார்கள். அப்போதுதான் ஏடு பொருந்தவில்லை என்று தெரிகிறது. ஆக, முதலில் சீர்குலைவு, வெகுநேரம் கழித்து நிலைகுலைவு. ஆங்கிலத்தில் ‘கரப்ஷன்’, ‘கிராஷ்’ என்ற இந்த இரண்டுக்கும் சொல்லளவில் உறவே இல்லை. தமிழில் ஒரே வேரிலிருந்து காரணமும் விளைவும் வந்து நிற்கின்றன. இதைக் கவனித்த நாளிலிருந்து நான் வேறு சொல்லைத் தேடவில்லை.

வெளியேறும் வரிசை தவறியதால் வந்த நிலைகுலைவையும் சீர்குலைவால் வந்ததையும் பிரித்தறிய ஒரு சின்ன அடையாளம் உண்டு. லினக்ஸில் ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும்; ஒழுங்காக முடிந்தால் அது பூஜ்யம். 139 என்று வந்தால், 128ஐக் கழித்துப் பாருங்கள், 11. நிரலை நிறுத்திய சிக்னலின் எண் அது. உரிமையில்லாத முகவரியைத் தொட்டதால் இயங்குதளம் நிரலை நிறுத்தியது என்று பொருள். 134 என்றால் மிச்சம் 6. பெரும்பாலும் நினைவக நூலகமே கணக்கு உதைப்பதைக் கண்டு, இதற்கு மேல் ஓட விடமாட்டேன் என்று நிறுத்தியிருக்கும். அது சீர்குலைவின் பக்கம் கை காட்டுகிறது. அப்போது மூடும் இடத்தில் தேடிப் பயனில்லை. நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் போன்ற கருவியின் கீழ் நிரலை ஓட்டி, முதல் தவறு எங்கே நடந்தது என்று பார்க்க வேண்டும்.

தம்பிக்கு வந்தது 139. “பாட்டு ஓடும்போதே மூடுங்க, பத்து முறை. எத்தனை முறை விழுதுன்னு எண்ணுங்க” என்றேன். நான்கு முறை விழுந்தது. “இப்ப நிறுத்திட்டு, எதிரொலி முழுசா அடங்கினதும் மூடுங்க.” பத்து முறையும் விழவில்லை. செருகுநிரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தார், மாற்றம் இல்லை. ஒலி அட்டையே இல்லாத வெற்று இயக்கியை (டம்மி டிரைவர்) தேர்ந்தெடுத்தபோது ஒருமுறைகூட விழவில்லை. பிறகு ஜிடிபி என்ற வழு தேடும் கருவியில் எல்லா இழைகளின் அழைப்புத் தடத்தையும், அதாவது விழுந்த கணத்தில் ஒவ்வொன்றும் என்ன செய்துகொண்டிருந்தது என்ற பட்டியலையும், எடுத்து அனுப்பினார். தலைமை இழை எதிரொலிப் பகுதியை அழித்துக்கொண்டிருந்தது. ஒலி இழை அதே எதிரொலியிலிருந்து மாதிரிகளைப் படித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடங்களும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் இருந்தன.

வழு அறிக்கையின் தலைப்பில் என்ன எழுதுவது என்று கேட்டார். தன் குறிப்பேட்டில் தமிழில் முதலில் எழுதிக்கொண்டு, பிறகு அதை ஆங்கிலத்தில் மாற்றினார்: ‘ஒலி ஓடும்போது சாளரத்தை மூடினால் நிலைகுலைகிறது; நிறுத்திவிட்டு மூடினால் இல்லை; ஒலி இழை வெளியேறும் முன் எதிரொலி அழிக்கப்படுகிறது.’

அந்த மென்பொருள் தன்னை மூடும் நேரத்தில்தான் அமைப்புகளை (செட்டிங்) தானாகச் சேமிக்கிறது, விழுந்தால் அதுவும் போய்விடும். அதனால் இப்போது கையால் சேமித்து, ஒலியை நிறுத்தி, பத்து வரை எண்ணிவிட்டு மூடுகிறாராம். தம்புரா அப்படியே இருக்கிறது.