கடற்கரை வீட்டின் கம்பிப் பாதைகள்

கீழக்கரையிலோ தொண்டியிலோ புதிதாக வீடு கட்டுபவர்கள் மின்சார வயரிங்குக்குக் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடத் தொலைபேசி, இணையம், தொலைக்காட்சி ஆகியவற்றின் கம்பிகளுக்குக் காட்டுவதில்லை. வளைகுடாவில் இருக்கும் மகனோடு பேசும்போது படம் உறைந்து நின்றால், உடனே ரவுட்டரை மாற்றுகிறார்கள். குறை சுவருக்குள் இருக்கக்கூடும்.

இக்கரையில் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் சோடியம் குளோரைடு தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். ஆகவே மழை பெய்யாத நாளிலும் உலோகத்தின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் படர்ந்திருக்கிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பை ஆராயக் கடலோர ஊரான மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

உறையிட்ட கம்பியின் நடுப்பகுதியை இந்த உப்பு எளிதில் தொடுவதில்லை. உறை உரிக்கப்பட்ட இணைப்புகளில்தான் அது நுழைகிறது. எனவே ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கம்பியைத் தொடுத்துக்கொண்டே போகும் பழைய முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும், நடுவில் வெட்டு இல்லாத தனிக் கம்பியை, கம்பிகள் அனைத்தும் கூடும் ஒரே பெட்டியிலிருந்து கொண்டுசெல்ல வேண்டும். அந்தப் பெட்டி கடற்காற்று நேரே படாத உட்சுவரில் இருப்பது நல்லது. (பாம்பனைத் தாண்டிவிட்டால் கடலுக்கு முதுகு காட்டும் வெளிச்சுவர் கிடைப்பதே அரிது.)

இணையத்துக்குரிய கேட் 6 கேபிளில் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஓர் இணையின் இரு கம்பிகளிலும் ஒரே சமிக்ஞை எதிரெதிர்க் குறியுடன் செல்கிறது. மறுமுனையிலுள்ள கருவி இரண்டின் வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் முறுக்கின் காரணமாக இரு கம்பிகளையும் ஏறக்குறைய சமமாகத் தாக்குவதால், கழித்தலில் அது மறைந்துவிடுகிறது. பக்கத்து இணைகள் ஒன்றையொன்று கெடுக்காதிருக்க, ஒவ்வோர் இணையும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருக்கிறது. முனையில் 13 மில்லிமீட்டருக்குமேல் முறுக்கைப் பிரிக்கலாகாது என்ற விதி இதனால் வந்ததே. இணையில் ஒரு கம்பியின் முனை மட்டும் பச்சை பூத்து மின்தடை கூடினால் இந்தச் சமநிலை குலைந்து, இணைப்பு அறுபடாமலே வேகம் குறையும். பழுதைக் கண்டுபிடிப்பது கடினமாவதும் அதனால்தான். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவான கேபிளை இங்கே வாங்கவே கூடாது என்பது என் கருத்து: முனையில் உப்புநீர் பட்டால் இரு உலோகங்களும் ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் கரையத் தொடங்கும்.

மொட்டைமாடி டிஷ்ஷின் நிலை இன்னும் மோசம். டிஷ்ஷிலிருந்து சமிக்ஞையைக் கீழே கொண்டுவரும் அதே ஆர்ஜி 6 கேபிள் வழியாகச் செட்டாப் பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட் நேர்மின்னோட்டத்தை மேலே அனுப்புவதால், கனெக்டருக்குள் உப்புநீர் புகுந்தால் அங்கே மின்னாற்பகுப்பே நடக்கிறது. கனெக்டரை ரப்பர் நாடாவால் இறுக்கிச் சுற்றி, அதற்கு முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கவிட்டால், வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

தொலைபேசிக்கென வேறு வகைக் கம்பி இனித் தேவையில்லை; அதற்கென இழுத்த ஒரு கேட் 6 கேபிளின் ஓர் இணையே போதும். ஆனால், தொலைபேசி நிலையத்தின் மின்கல அடுக்கிலிருந்து 48 வோல்ட் பெற்ற பழைய தரைவழித் தொலைபேசி மின்வெட்டிலும் பேசியது. ஃபைபர் மோடம் பேசாது. புயல் காலத்தை எண்ணி, பெட்டிக்குள் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக் பாயின்ட் ஒன்றை வைத்துவிட வேண்டும்.

இவை அனைத்தும் செல்லும் பைப், மின்சாரப் பைப்போடு சேராமல் தனியே ஓட வேண்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும். திருப்பங்களில் எல்போவுக்குப் பதில் நீண்ட பெண்டு போட்டால், பத்தாண்டு கழித்துப் பழைய கேபிளை உருவிப் புதியதை இழுக்கச் சுவரை உடைக்க வேண்டியிராது. மாடியிலிருந்து பெட்டிவரை வெறும் பைப் ஒன்றையும், அதற்குள் ஒரு நைலான் கயிற்றையும் கூடுதலாக விட்டு வைக்கும்படி பூச்சு வேலைக்கு முன்பே வயர்மேனிடம் சொல்லிவிடலாம்.