அந்த டிரம்ஸை வாசித்தது ஆள் இல்லை

மார்த்தாண்டத்தில் என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் பையன்களில் பைக்கில் விழுந்தவர்களும் வாலிபால் ஆடிக் கணுக்கால் பிசகியவர்களும்தான் அதிகம். கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் அபூர்வம். வந்தாலும் காலம் கடத்தித்தான் வருகிறார்கள்.

போன வருஷம் வந்தவர் சர்ச் குவயரில் கிதார் வாசிக்கும் கல்லூரி மாணவர். “ராத்திரி இடது கை மரத்துப் போவுது சார், உதறினா சரியாவுது.” பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுவதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். அதற்குமுன் நாட்டு வர்ம வைத்தியரான ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவியிருக்கிறார். இரண்டு நாள் சுகம், பிறகு பழையபடி. துணைக்கு வந்த நண்பர் டிரம்ஸ். அவர் முன்கைகளைத் தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தன.

இருவரும் தினம் நாலு மணி நேரம் ஓர் ஆல்பத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஜெர்மனியின் டெக்னிக்கல் டெத் மெட்டல் (உறுமல் குரலும் அசுர வேகமும் சிக்கலான வாசிப்பும் கொண்ட இசை வகை) குழுவான நெக்ரோஃபேஜிஸ்ட் 1999-இல் வெளியிட்ட முதல் ஆல்பம், ‘ஆன்செட் ஆஃப் பியூட்ரிஃபேக்‌ஷன்’. நானும் கேட்டேன். அந்த உறுமலைத் தாண்டி உள்ளே போக இரண்டு நாள் பிடித்தது. போனபின் அசந்துவிட்டேன்: அத்தனை இரைச்சலுக்கு நடுவே கிதார் சோலோ மட்டும் மேற்கத்திய செவ்வியல் இசைபோல ஒழுங்காக, மெலடியோடு ஏறி இறங்குகிறது.

விஷயம் தேடிப் படித்தபோதுதான் கிடைத்தது. கிதார், பேஸ் கிதார், குரல் எல்லாம் முகம்மது சுயிச்மெஸ் என்ற ஒரே ஆள். டிரம்ஸுக்கு ஆளே கிடையாது. புரோகிராம் செய்த மெஷின். இதைச் சொன்னதும் டிரம்ஸ் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ மெஷின் கூடயா சார் இவ்வளவு நாளும் மோதினேன்?”

பின்னால் அந்தக் குழுவில் மனிதர்களும் டிரம்ஸ் வாசித்தார்கள், அது வேறு. ஆனால் மெஷினுக்குத் தசைநாண் கிடையாது. தாளத்துக்குத் தட்டிக்கொடுக்கும் கருவியான மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 200 தட்டு என்று வைத்து ஒரு தட்டுக்கு நாலு அடி என்றால் நிமிஷத்துக்கு 800 அடி. டிரம்ஸில் இரண்டு கையும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். கிதாரில் அந்த 800-ஐயும் பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) பிடித்த ஒரே கைதான் அடிக்க வேண்டும்.

கிதார்காரருக்கு மெஷின் சாக்கு செல்லாது. அங்கே வாசித்தது மனிதக் கைதான். “வாசிச்சுக் காட்டு மக்ளே” என்றேன். கோளாறு உடனே தெரிந்தது. மேடைப் போஸ்டர்களில் இருப்பதுபோல ஸ்ட்ராப்பை இறக்கி, கிதார் தொடைக்குக் கீழே தொங்கியது. அந்த உயரத்தில் ஃபிரெட்டை (கிதார் கழுத்தில் இருக்கும் குறுக்குக் கம்பிகளை) எட்ட இடது மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியே தீரும். மடங்கினால் உள்ளே அழுத்தம் கூடும், நரம்பு நசுங்கும். ஸ்ட்ராப்பை நாலு விரற்கடை ஏற்றினோம். ராத்திரிக்கு மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை. வேகத்தை 90-க்கு இறக்கி, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஓய்வு.

வாசித்துமுடித்த அலுப்பு வேறு, மரத்துப்போவது வேறு. அலுப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். மரப்பு பகலிலும் நிற்கிறது, கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது, பெருவிரலின் அடிச்சதை வற்றுகிறது என்றால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

மூன்று மாதத்தில் பையனுக்கு ராத்திரி மரப்பு நின்றது. மெட்ரோனோம் 140-க்கு வந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் கேரலுக்கு வாசித்த வீடியோவைக் காட்டினார். ஸ்ட்ராப் மறுபடியும் தொடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.