“இனி இந்தியாவில் ஏர்பஸ்தான்” என்று யாராவது சொன்னால், எந்த இன்ஜின் என்று கேளுங்கள்

கடந்த ஒரு மாதத்தில் இதே கேள்வியோடு என்னை அழைத்தவர்களில் அவர் நான்காவது தந்தை. திண்டுக்கல் பக்கத்துக்காரர், மகன் விமானப் பராமரிப்புப் பொறியியல் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறான். “சார், இனிமே இந்தியாவுல ஏர்பஸ்தான்னு சொல்றாங்க. போயிங் அமெரிக்காக்காரன் வாங்குறதாம். பையனை ஏர்பஸ் கோர்ஸ்ல சேர்த்துவிட வீட்டுப் பத்திரத்தை வச்சுக் கடன் கேட்டிருக்கேன். சேர்க்கலாமா?” என்றார். எந்த இன்ஜினுக்கான கோர்ஸ் என்று கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “ஏர்பஸ்னா ஏர்பஸ் இன்ஜின்தானே சார்?” என்றார்.

ஏர்பஸ் இன்ஜின் தயாரிப்பதில்லை; போயிங்கும் தயாரிப்பதில்லை. கோர்ஸை விற்க வந்தவர் இதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். விளம்பரத் தாளை வாட்ஸாப்பில் அனுப்பச் சொன்னேன். ‘ஏர்பஸ் ஏ320, வேலை உறுதி’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதன் கீழே ஒரு போயிங் 737 படத்தை அச்சிட்டிருந்தார்கள். இன்ஜின் கூட்டின் அடிப்பக்கம் சப்பையாக இருந்தது. செங்குத்து வால் விமானத்தின் முதுகோடு சேரும் இடத்தில் முக்கோணமாக ஒரு சரிவு தெரிந்தது. விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையான எங்கள் ஹேங்கரில் சேர்ந்த முதல் வாரத்துப் பையனும் இந்த இரண்டு அடையாளங்களை வைத்து 737-ஐச் சொல்லிவிடுவான். அதை விற்கிறவருக்குத் தெரியவில்லை, அல்லது வாங்குகிறவருக்குத் தெரியாது என்ற தைரியம் அவருக்கு இருந்திருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக பராமரிப்புப் பொறியாளராக, பறக்கத் தகுதி உண்டு என்று விமானங்களுக்குக் கையெழுத்துப் போட்டுவரும் எனக்கு, இந்த விளம்பரத்தைவிட அதன் அடியில் இருக்கும் நம்பிக்கைதான் அதிக எரிச்சலைத் தருகிறது. அமெரிக்கா போயிங்கின் ஊர், ஐரோப்பா ஏர்பஸின் ஊர், ஆசியாவில் இன்னாருக்கு இன்னது என்று உலகத்தைத் தட்டையாகப் பங்கு பிரித்து, அந்தப் பங்கு பிள்ளையின் ஓய்வுக்காலம் வரை மாறாது என்று நம்பி, படித்தவர்களே கடன் வாங்குகிறார்கள்.

சற்று பொறுமையாகப் பார்ப்போம். போயிங் 737 என்ற விமானத்துக்கு முதல் ஆர்டர் கொடுத்துத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது அமெரிக்க நிறுவனமன்று. 1965-இல் ஜெர்மனியின் லுஃப்தான்சாதான் அதைச் செய்தது. ஏர்பஸ் தலைமையகம் இருக்கும் பிரான்ஸின் ஏர் ஃபிரான்ஸ், நெடுந்தூரப் பாதைகளில் பல ஆண்டுகளாகப் போயிங் 777-களைப் பெருமளவில் ஓட்டிவருகிறது. ஐரோப்பாவின் மிகப் பெரிய மலிவுக்கட்டண நிறுவனமான ரயன்ஏர் பெரும்பாலும் 737-களையே வைத்திருக்கிறது. மறுபக்கம், அட்லாண்டாவில் தலைமையகம் கொண்ட டெல்டா நூற்றுக்கணக்கில் ஏர்பஸ் வைத்திருக்கிறது. 2011-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரே நாளில் அறிவித்த 460 விமானங்களில் 260 ஏர்பஸ், 200 போயிங். அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் 2015 முதல் ஏ320 குடும்பத்து விமானங்கள் அமெரிக்கத் தொழிலாளர்களின் கையாலேயே பொருத்தப்படுகின்றன. இதில் எது அமெரிக்க விமானம், எது ஐரோப்பிய விமானம் என்று அந்த விளம்பரதாரர்தான் எனக்கு விளக்க வேண்டும்.

அப்படியானால் எதை வைத்துத்தான் வாங்குகிறார்கள்? பெரும்பாலும் அந்த ஆண்டில் கிடைத்த பேரத்தை வைத்து. ஏர்பஸ் அமெரிக்காவுக்குள் கால் வைத்த கதையே அதுதான். யாரும் சீந்தாமல் கிடந்த ஏ300 விமானங்களில் நான்கை, ஆறு மாதம் வாடகையில்லாமல் ஓட்டிப் பாருங்கள் என்று ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸுக்குக் கொடுத்தார்கள். ஓட்டிப் பார்த்த நிறுவனம் 1978-இல் 23 விமானங்களை வாங்கியது. துணிக்கடைக்காரர் புடவையை விரித்துத் தோளில் போட்டுக் காட்டுவதுபோல என்று எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர் சொல்வார்.

இதைவிடத் தெளிவான சான்று 2002. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் விமானம் வாங்க ஆளில்லாமல் இரு தயாரிப்பாளர்களும் தவித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. ஜனவரியில் ரயன்ஏர் 100 புதிய 737-800-களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், அதுவரை 737 மட்டுமே ஓட்டிவந்த ஈசிஜெட், 120 ஏ319-களை வாங்கப்போவதாக அறிவித்துப் போயிங்குக்கு அதிர்ச்சி கொடுத்தது. இரண்டும் மலிவுக்கட்டண நிறுவனங்கள், ஒரே கண்டத்தில் பறப்பவை, ஒரே வகைப் பயணிகளை ஏற்றுபவை. சந்தை படுத்துக்கிடந்த நேரத்தில் ஆளுக்கொரு கடையில் விலையை அடித்துப் பேசினார்கள், அவ்வளவுதான்.

வாங்கிய பிறகு மாறுவது ஏன் கடினம் என்பதை நான் நீட்ட வேண்டியதில்லை. உதிரிபாகக் கிடங்கு, சிமுலேட்டர், லைசென்ஸ் பெற்ற ஆட்கள் என்று எல்லாமே அந்த விமானத்தைச் சுற்றி வளர்ந்துவிடும். எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 1945-இல் டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் துணையோடு தொடங்கப்பட்டது. கற்றுக்கொடுத்தவர்கள் அமெரிக்கர்கள் என்பதால் கற்ற விமானங்களும் அமெரிக்க விமானங்களாயின. 1960-களில் போயிங் 720 ஜெட்கள் வந்தபின் அடிஸ் அபாபாவின் பணிமனைகளும் பயிற்சிப் பள்ளியும் பல தலைமுறைகளாகப் போயிங்கைச் சுற்றியே வளர்ந்தன. இருந்தும், 2016-இல் ஆப்பிரிக்காவின் முதல் ஏர்பஸ் ஏ350 அவர்களிடம்தான் வந்து இறங்கியது. எழுபது ஆண்டுப் பழக்கமும் நிரந்தரமன்று.

ஜப்பானில் காரணம் இன்னும் ஆழமானது. போயிங் 787-இன் உடற்கட்டமைப்பில் சுமார் 35 விழுக்காட்டை மிட்சுபிஷி, கவாசாகி, ஃபுஜி என்ற மூன்று ஜப்பானியத் தொழிற்சாலைகள் செய்தன, ஏ.என்.ஏ. என்ற ஜப்பானிய விமான நிறுவனம் 2004-இல் 50 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. உள்ளூர்ப் பட்டறைக்கு வேலை, உள்ளூர் நிறுவனத்துக்கு விமானம் என்ற கணக்கு அங்கே உண்மையாகவே இருந்தது. ஆனால் 787 காலதாமதமாகி, 2013 ஜனவரியில் பேட்டரி சிக்கலால் உலகெங்கும் தரையில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அதுவரை ஏர்பஸுக்கு நேரடியாக ஒரு ஆர்டரும் கொடுத்திராத ஜப்பான் ஏர்லைன்ஸ், 31 ஏ350-களுக்குக் கையெழுத்திட்டது.

அரசியலே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் போயிங் வாங்கக் கடனுக்கு வழிசெய்வதால், அமெரிக்காவின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியைப் ‘போயிங் வங்கி’ என்று கேலி செய்வார்கள். ஐரோப்பிய அரசுகளின் கடன் உத்தரவாத அமைப்புகள் ஏர்பஸுக்கு அதே வேலையைச் செய்கின்றன. சீனா தியான்ஜினில் 2008-இல் ஏ320 பொருத்தும் ஆலையைப் பெற்றது தற்செயலன்று. சில சமயம் அரசியலைவிட அழுக்கான சமாசாரமும் உண்டு: லஞ்சக் குற்றச்சாட்டுகளைத் தீர்த்துக்கொள்ள ஏர்பஸ் 2020 ஜனவரியில் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுக்குச் சுமார் 360 கோடி யூரோ கட்ட ஒப்புக்கொண்டது, பிரிட்டன் வழக்கின் ஆவணங்களில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸுக்கான விற்பனையும் இடம்பெற்றிருந்தது. கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவில் நிற்கும் அந்த நிறுவனத்தின் விமானங்கள் எல்லாம் ஏர்பஸாக இருப்பதைப் பார்த்து, வெப்பமான தீவுக்கு ஏர்பஸ்தான் பொருத்தம் என்று என்னிடம் விளக்கியவரும் உண்டு. அவரிடம் வாதாடவில்லை, தேநீர் வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2005-06-இல் ஒரே அமைச்சகத்தின் கீழ் இரண்டு அரசு விமான நிறுவனங்கள் இருந்தன. ஏர் இந்தியா 68 போயிங் விமானங்களை வாங்கியது; இந்தியன் ஏர்லைன்ஸ் 43 ஏர்பஸ்களை வாங்கியது. இந்தியாவின் விருப்பம் எது? 2005-இல் ஸ்பைஸ்ஜெட் 737-களோடு பறக்கத் தொடங்கியது, அதே ஆண்டில் இண்டிகோ 100 ஏ320-களுக்கு ஆர்டர் கொடுத்தது. 2023-இல் இண்டிகோ மேலும் 500 ஏ320 குடும்ப விமானங்களைக் கேட்டதைத்தான் விளம்பரக்காரர்கள் ஊதிப் பெரிதாக்குகிறார்கள். அதே ஆண்டு ஏர் இந்தியா அறிவித்த 470 விமானங்களில் 220 போயிங் என்பதையும், 2022 ஆகஸ்டில் தொடங்கிய ஆகாசா ஏர் 737 மேக்ஸ் மட்டுமே வைத்திருக்கிறது என்பதையும் அவர்கள் சொல்வதில்லை.

பெற்றோர் உண்மையில் பார்க்க வேண்டிய வரிசை வேறு. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றபோது தெருவுக்கு வந்தவர்களில் பலர் ஏ320 ஆட்கள். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது 737 லைசென்ஸ்கள் திடீரெனச் சந்தையில் மலிந்தன. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது மறுபடியும் ஏ320. அந்த நிறுவனம் தன் விமானங்கள் முடங்கியதற்குச் சொன்ன காரணம் விமானத்தைப் பற்றியதே அன்று. பிராட் அண்ட் விட்னி இன்ஜின்களைப் பற்றியது.

நான் அந்தத் தந்தையிடம் இன்ஜினைப் பற்றிக் கேட்டதும் இதனால்தான். நம் லைசென்ஸில் ‘ஏ320’ என்று மட்டும் எழுதித் தரமாட்டார்கள். இன்ஜினோடு சேர்த்துத்தான் எழுதுவார்கள். வி2500 பொருத்திய ஏ320 வேறு, சி.எஃப்.எம்.56 வேறு, ஏ320-இன் புதிய வடிவமான நியோவில் வரும் பி.டபிள்யூ.1100ஜி வேறு, லீப்-1ஏ வேறு. இண்டிகோ ஒன்றே இதில் மூன்று வகைகளைக் கண்டிருக்கிறது. மேலும், லைசென்ஸில் இப்படி எழுதப்படும் விமான-இன்ஜின் வகையைத்தான் ‘டைப்’ என்போம்; முதல் டைப் என்றால் வகுப்பறைச் சான்றிதழ் போதாது. உண்மையான விமானத்தில், அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனத்தில், மேற்பார்வையோடு செய்த வேலைகள் ஒவ்வொன்றாகப் பதிவாகிக் கையெழுத்தாக வேண்டும். விமானம் வைத்திருப்பவர் உங்கள் பிள்ளையை உள்ளே விட்டால்தான் அது நடக்கும். வேலைக்கு எடுத்த நிறுவனம் இதைத் தானே செய்துகொள்ளும் என்பதுதான் வழக்கம்.

ஆகவே, தயவுசெய்து, டைப் கோர்ஸுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். எந்த இன்ஜின் என்று எழுத்தில் வாங்குங்கள். செய்முறைப் பயிற்சி எந்த ஹேங்கரில், எந்த விமானத்தில் என்று கேட்டு, முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். நிறுவனத்தின் ஒப்புதல் எந்தெந்த வகைகளுக்கு என்பதை விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். அவர்கள் காட்டும் நகலை நம்ப வேண்டாம். ‘வேலை உறுதி’ என்றால் எந்த விமான நிறுவனத்தின் கடிதம் என்று கேளுங்கள். அடிப்படை லைசென்ஸ் கையில் வருவதற்கு முன் எந்தத் தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லி யார் பணம் கேட்டாலும் வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். அது கடைசியில் அடகிலிருந்து மீளும் வேகம் எனக்குத் தெரியும்.

திண்டுக்கல்காரர் இரண்டு நாள் கழித்து மறுபடி அழைத்தார். இன்ஜினைப் பற்றிக் கேட்டதற்கு, “எல்லா இன்ஜினுக்கும் சேர்த்துத்தான்” என்று பதில் சொன்னார்களாம். முன்பணத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். கட்ட வேண்டாம் என்று சொன்னேன். பையனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி விசாரித்ததில், அவனுக்கு அடிப்படை லைசென்ஸுக்கான பாடத் தேர்வுகளில் (மாட்யூல்) இன்னும் இரண்டு பாக்கி இருப்பது தெரிந்தது. அதில் ஒன்று கேஸ் டர்பைன் இன்ஜின். முதலில் அதை உட்கார்ந்து படிக்கச் சொல்லியிருக்கிறேன்.