சின்னப் பாலம்தானே என்பார்கள், நம்பாதீர்கள்: பாலம் மாற்றும்போது ஓயாவுக்கும் மீனுக்கும் உள்ள பாதுகாப்பு

எங்கள் பக்கத்து ஓயாவில், அதாவது சிற்றாற்றில், பழைய பாலத்தை உடைத்த அன்று மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் நேராக ஆற்றுக்குள் இறங்கியது. உடைத்த கொங்கிரீட் எல்லாம் தண்ணீரிலேயே விழுந்தது. மணல் மூட்டை அடுக்கி ஒரு பக்கத்தை அடைத்தார்கள், அடைத்த பக்கத்தில் குட்டை குட்டையாகத் தேங்கிய தண்ணீரில் கெண்டைக் குஞ்சும் கல்லோடு ஒட்டிக் கிடக்கும் கல்பாண்டியாவும் இரண்டு நாள் துடித்துச் செத்தன. மூன்றாம் நாள் கொங்கிரீட் மிக்சரைக் கழுவி ஊற்றினார்கள், அந்தச் சாம்பல் தண்ணீர் போன வழியெல்லாம் மீன் மிதந்தது. அதற்குக் கீழேதான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் இரண்டு லயத்துக்குக் குடிதண்ணீர் எடுக்கும் இடம். போய்க் கேட்டால், "சின்னப் பாலம்தானே தம்பி, இதுக்கெல்லாம் சுற்றாடல் சட்டம் கிடையாது" என்றார் மேற்பார்வையாளர். பிறகு ஐந்து ஆபீஸ் ஏறி இறங்கினேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம்தான் அடிப்படை. பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். எவை பெரியவை என்ற பட்டியல் 1993 ஜூன் மாத வர்த்தமானியில் இருக்கிறது. அதில் வீதிக்குப் போட்டிருக்கும் அளவு 10 கிலோமீற்றருக்கு மேல். ஒற்றைப் பாலம் அதற்குள் வராது, மேற்பார்வையாளர் சொன்ன "சட்டம் இல்லை" என்பது இந்த ஓட்டையிலிருந்து வருகிற பேச்சு.

அது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்தக் கூடாது என்று அதே சட்டத்தில் தனியாக இருக்கிறது, அந்தத் தடை பாலம் பெரிதா சிறிதா என்று பார்ப்பதில்லை. மதிப்பீட்டு அறிக்கை தேவையில்லை என்றால் அறிக்கை தேவையில்லை என்று மட்டும்தான் அர்த்தம், சீமெந்துத் தண்ணீரை ஓயாவில் ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. பாலம் ஒரு வீதி அமைக்கும் திட்டத்தின் பகுதியாக வந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: அதே வர்த்தமானியின் மூன்றாம் பகுதியில் உணர்திறன் மிக்க இடங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட காட்டின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள், அல்லது ஓரிடத்திலாவது 25 மீற்றருக்கு மேல் அகலமான பொது நீரோடையின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் என்றால் அந்த 10 கிலோமீற்றர் கணக்கு செல்லாது. மலையகத்தில் காட்டையும் ஆற்றையும் தொடாமல் எந்த வீதி போகிறது? ஆனாலும் இந்த மூன்றாம் பகுதியை எனக்குத் தானாக எடுத்துக் காட்டிய அதிகாரி ஒருவர்கூட இல்லை.

அடுத்த பொறி, பாலம் யாருடையது என்பது. நான் அதிக நாள் வீணாக்கியது இதில்தான். 'ஏ', 'பி' தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. 'சி', 'டி' என்றால் மாகாண வீதித் திணைக்களம். உள்ளூர் வீதி பிரதேச சபைக்கு. தோட்டத்துக்குள் போகிற பாதை கம்பனிக்கு. பிரதேச சபையில் "அது தோட்டத்துப் பாலம்" என்பார்கள், தோட்ட ஆபீஸில் "காசு சபையுடையது, எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு தோட்டத்துக்குள்ளும் சபை செலவு செய்யலாம், அதனால் இரண்டு பேர் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம், அதுதான் வயிற்றெரிச்சல். ஆகவே பாலம் யாருடையது என்று கேட்காதீர்கள். யார் ஒப்பந்தம் கொடுத்தது, யார் பில்லுக்குக் கையெழுத்து வைப்பது என்று கேளுங்கள். வேலைத்தளப் பெயர்ப்பலகையில் அது இருக்க வேண்டும். பலகையை முதல் நாளே படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை வந்த பிறகு அது காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு வேண்டிய கடதாசி ஒன்றுதான்: ஒப்பந்தத்தோடு இணைத்த சுற்றாடல் முகாமைத்துவத் திட்டம். வெளிநாட்டு வங்கிக் கடனில் நடக்கிற வேலை என்றால் இது கட்டாயம் இருக்கும், முறைப்பாட்டுக் குழுவும் இருக்கும். உள்ளூர்ப் பணம் என்றால் ஒப்பந்த நிபந்தனைகளிலும் ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் போடும் அளவுப் பட்டியலிலும் நாலு வரியாகக் கிடக்கும். அந்த நாலு வரிக்குக்கூட விலை போட்டிருந்தால், செய்யாத வேலைக்குக் காசு வாங்குகிறார்கள் என்று அர்த்தம். கணக்குக்குப் பயப்படுகிறவர்கள் மீனுக்குப் பயப்பட மாட்டார்கள், ஆகவே கணக்கைக் கேளுங்கள்.

வாயால் கேட்டால் கிடைக்காது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, "எதற்குத் தம்பி?" என்று கேட்டாலும் சொல்லாதீர்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. இங்கே ஒரு பொறி: இவ்வளவும் முடிவதற்குள் தூண் எழும்பிவிடும். எனவே வேலை வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே விண்ணப்பத்தைப் போடுங்கள். இதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட, உள்நாட்டுப் பணத்தில் நடக்கும் திட்டங்களின் தகவலை வேலை தொடங்க மூன்று மாதம் முன்பே மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அவசர வேலை என்றால் ஒரு வாரம். 2025 நவம்பரில் டித்வா புயல் பாலங்களை அள்ளிக்கொண்டு போன பிறகு எல்லாமே அவசரம்தான். சரி, பாலம் இல்லாமல் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது, அவசரம் நியாயம். ஆனால் அவசரத்திலும் அந்த ஒரு வார அறிவிப்பு உண்டு, அவசரத்துக்கான காரணத்தை ஆணைக்குழுவுக்கும் சொல்ல வேண்டும்.

லயத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. பதில் கடிதம் தோட்ட ஆபீஸ் வழியாக வரும், வரலாம், வராமலும் போகலாம். டவுனில் தெரிந்த கடை முகவரியைப் போடுங்கள், போவதைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் வாங்குங்கள். நுவரெலியாவிலும் பதுளையிலும் "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையைச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், இலக்கத்தைச் சொன்னால் போதும்.

இனி ஆற்றில் எதைப் பார்ப்பது. ஈரக் கொங்கிரீட் கழுவிய தண்ணீர் கடும் காரம், பி.எச். 12க்கு மேல் போகும், சிறு ஓடையில் மீன் தாங்காது. கழுவுவதற்குக் கரையிலிருந்து தள்ளி, அடியில் தார்ப்பாய் விரித்த குழி வேண்டும். சேறு மீனின் செவுளை அடைக்கும், கூழாங்கல் இடுக்கில் இட்ட முட்டையை மூடும். மழைக் காலத்தில் அத்திவாரம் வெட்டினால் இது நிச்சயம். ஹட்டன், நுவரெலியா பக்கம் தை முதல் பங்குனி வரை தண்ணீர் குறைவு, மே மாதம் தென்மேல் மழை தொடங்கிவிடும். பண்டாரவளை, பதுளை பக்கம் கணக்கு வேறு, அங்கே வருடக் கடைசிதான் மழை. ஒரு பக்கத்தை அடைக்கும்போது குட்டையில் மாட்டிய மீனை வலையால் அள்ளி மேலே ஓடுகிற தண்ணீரில் விட ஆளுக்கு அரை நாள் போதும். அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறவரிடம் மற்றதை எதிர்பார்க்காதீர்கள். கல் உடைக்க வந்த வெடிமருந்து இரவில் மீனுக்குப் போவதும் உண்டு, அது 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி குற்றம், நேராகப் பொலிஸுக்குச் சொல்லலாம்.

அதிகம் பேர் கவனிக்காதது ஹியூம் பைப், அதாவது பெரிய கொங்கிரீட் குழாய். பாலத்துக்குப் பதில் பைப் போட்டு, அதன் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நின்றால் சின்ன மீன் மேலே ஏற முடியாது. கடலில் பிறந்து குஞ்சாக மலை ஏறி வருகிற விலாங்குக்கு ஏற்கெனவே வழியெல்லாம் அணைக்கட்டு, இதில் இந்தப் பைப்பும் ஒன்று. பைப்பின் அடி ஆற்றுப் படுகைக்குக் கீழே புதைய வேண்டும் என்று வரைபடம் போடும்போதே கேளுங்கள், சீமெந்து காய்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

முறைப்பாடு எழுதும்போது மீனை மட்டும் எழுதாதீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் "மீன் செத்தது" என்ற கடிதம் கோப்பில் தூங்கும், "குடிதண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேலே சீமெந்து ஊற்றுகிறார்கள், மீனும் செத்தது" என்ற கடிதத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) மறுநாளே வருவார். திகதி, நேரம், பாலத்துக்கு மேலே எடுத்த படம், கீழே எடுத்த படம், இரண்டும் ஒரே நாளில். மேலே தெளிவு, கீழே சாம்பல் என்று தெரிந்தால் "மழைத் தண்ணீர்தான் கலங்கியது" என்ற பதில் செல்லாது. பிரதேச செயலகத்தில் இருக்கும் சுற்றாடல் உத்தியோகத்தர், ஒப்பந்தம் கொடுத்த நிறுவனம், பி.எச்.ஐ. மூவருக்கும் ஒரே கடிதம், ஒவ்வொன்றிலும் மற்ற இருவரின் பெயரும் பிரதி என்று கீழே இருக்கட்டும். ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்புவதற்கு அதுதான் தடை. மூவரும் அசையாவிட்டால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத்தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

கடைசியாக, கொந்தராத்துக்காரருக்கு முழுப் பணமும் உடனே போவதில்லை, ஒரு பங்கைப் பிடித்து வைத்திருப்பார்கள். தற்காலிகப் பாதைக்குப் போட்ட பைப்பும் மணல் மூட்டையும் உடைந்த கொங்கிரீட்டும் ஆற்றில் கிடந்தால், அந்தப் பணம் விடுவிக்கப்படுவதற்கு முன்பு படத்தோடு எழுதுங்கள். எங்கள் ஓயாவில் நான் எழுதியது இரண்டு வாரம் பிந்திவிட்டது. அந்த மூட்டைகள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன.