ட்வின்சார்ஜர்: இரட்டையா, இருவகையா?

தக்கலையில் வண்டிப் பட்டறை ஒன்றில் காத்திருந்தபோது, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஒருவர், பழைய ஃபோக்ஸ்வாகன் கார் ஒன்றைப் பற்றிய தமிழ்க் குறிப்பைக் கைப்பேசியில் காட்டி, "இதுக்கு ரெண்டு சார்ஜராம், எங்கன குத்துவாவ?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார். குறிப்பில் 'இரட்டை மின்னேற்றி' என்று எழுதியிருந்தது. மூலத்தில் ட்வின்சார்ஜர் என்று இருந்திருக்க வேண்டும். அது பெட்ரோல் கார். சார்ஜரைச் செருகிக் குத்துவதற்கு அதில் இடமில்லை. ஒரே எஞ்சினில் சூப்பர்சார்ஜரையும் டர்போசார்ஜரையும் சேர்த்துப் பொருத்தும் அமைப்புக்கே ட்வின்சார்ஜர் என்று பெயர்.

பிழைக்குக் காரணம் 'சார்ஜ்' என்ற சொல். வண்டி என்று பொருள்படும் 'கர்ருஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து, வண்டியில் பாரம் ஏற்றுதல் என்ற பொருளில் அது பிறந்தது. 'கார்' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். பீரங்கியில் மருந்து இடுவதும், பேட்டரியில் மின்சாரம் ஏற்றுவதும் பின்னால் வந்த பொருள்கள். எஞ்சின் துறையில், ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டருக்குள் புகும் காற்றும் எரிபொருளும் சேர்ந்த அளவுக்குத்தான் சார்ஜ் என்று பெயர். பிஸ்டன் தானாக உறிஞ்சுவதைக் காட்டிலும் கூடுதலான காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி சூப்பர்சார்ஜர். காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம். அதனால் சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும்.

'டர்போ' என்பது இலத்தீனில் பம்பரத்தையும் சுழல்காற்றையும் குறிக்கும். வெளியேறும் புகையின் விசையால் காற்றை அழுத்தும் இந்த ஏற்பாட்டுக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905இல் காப்புரிமை பெற்றார். இதன் பழைய முழுப்பெயர் 'டர்போ சூப்பர்சார்ஜர்' என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது டர்போவும் சூப்பர்சார்ஜரில் ஒரு வகையே. நாளடைவில் நடுச்சொல் தேய்ந்து, எஞ்சினின் சுழற்சியிலிருந்தே பெல்ட் வழியாக ஓடும் வகைக்கு மட்டும் சூப்பர்சார்ஜர் என்ற பெயர் ஒதுங்கிவிட்டது.

இரண்டையும் ஏன் சேர்த்தார்கள் என்பதைக் கோதையாற்று மலைப்பாதையில் டர்போ வண்டி ஓட்டியவர்கள் எளிதில் உணர்வார்கள். வளைவில் வேகம் தணிந்து, மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்தால், புகை பெருகி டர்போ சுழன்றெழும் வரை ஒரு கணம் வண்டி சோர்ந்து நிற்கும். "வண்டி வலிக்க மாட்டேங்கு" என்பார்கள் எங்கள் ஊரில். மதுரைக்காரர் கேட்டால் வண்டிக்கு நோவில்லை என்று எண்ணக்கூடும். ஆனால் துடுப்பு வலித்தல் என்பதில் உள்ள பழைய 'இழுத்தல்' பொருள் மலையாளத்தைப் போலவே இங்கும் வழக்கில் நிற்கிறது. பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜருக்கு இந்தத் தாமதம் இல்லை. ஆயினும் அது எஞ்சினின் ஆற்றலிலேயே பங்கு கேட்பதால், வேகம் கூடக் கூடச் சுமையாகிவிடும். ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும்.

1985இல் பந்தயக் களம் கண்ட லான்சியா டெல்டா எஸ்4 காரில் 1759 சிசி எஞ்சினுக்கு இந்தச் சேர்க்கை கிடைத்தது. நிசான் அதை மார்ச் காரின் 930 சிசி எஞ்சினுக்கே கொண்டுவந்து 110 குதிரைத்திறன் எடுத்தது. 2005இல் வந்த ஃபோக்ஸ்வாகனின் 1390 சிசி எஞ்சின் 170 குதிரைத்திறன் தந்தது. அதில் குறைந்த வேகத்தில் சூப்பர்சார்ஜர் காற்றைத் தள்ளும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 3500 சுற்றுகளைத் தாண்டினால் காந்தக் கிளட்ச் அதை விடுவித்துவிட, டர்போ தனித்து நின்று வேலை செய்யும். உதிரிகளும் செலவும் மிகுந்ததாலும், டர்போக்களே மேம்பட்டதாலும் இம்முறை சிறிய கார்களில் நிலைக்கவில்லை.

இனித் தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். 'உண்' என்பதன் பிறவினையான 'ஊட்டு' இவ்விடத்துக்கு மிகப் பொருந்தும்; எஞ்சின் தானே உண்பதற்கு மேல் நாம் ஊட்டுகிறோம். பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரையை, அதாவது உணவுக்கூடத்தை, பார்த்து வளர்ந்த எங்களுக்கு இச்சொல்லில் அயன்மை இல்லை. ஆகவே சூப்பர்சார்ஜர் 'மிகையூட்டி' ஆகலாம். 'மீயூட்டி' என்றும் எழுதுகிறார்கள். காதில் அது தெளிவாக விழுவதில்லை என்பது என் எண்ணம். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில், எதனால் ஓடுகிறதோ அதை முன்னே வைத்து பெல்ட்டில் ஓடுவதை 'வார் மிகையூட்டி' என்றும், டர்போவைப் 'புகைச்சுழல் மிகையூட்டி' என்றும் எழுதலாம்.

ட்வின்சார்ஜருக்கு மட்டும் 'இரட்டை' கூடாது. இரட்டை என்றதும் ஒத்த இரண்டு என்ற எண்ணமே முந்தி வரும். இரண்டு டர்போ பொருத்திய எஞ்சினுக்கே அச்சொல் உரியது. இங்கே சேர்வது வெவ்வேறு விசையில் ஓடும் இரண்டு என்பதால் 'இருவகை மிகையூட்டி' என்பதே சரி. செயலைக் குறிக்க 'இருவகை மிகையூட்டம்' எனலாம். மின்கார் செய்யும் டெஸ்லா நிறுவனம் தன் மின்னேற்ற நிலையங்களுக்கு 2012 முதல் 'சூப்பர்சார்ஜர்' என்றே பெயர் வைத்திருக்கிறது. அதை 'மின்னேற்றி' என்று எழுதுவதில் பிழையில்லை, அந்தக் காரில் குத்த இடமும் உண்டு.